தொட்டிலுக்கு முன்னும் பின்னும்

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் அவ்வப்போது ஒரு சிறிய அறிவிப்பு வரும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய புகைப்படம். அதில் துணியில் சுற்றப்பட்டு, கண் மூடிக் கிடக்கும் ஒரு குழந்தை. கீழே நான்கைந்து வரிகள்: எந்தத் தேதியில் எங்கே கண்டெடுக்கப்பட்டது, இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது, பெற்றோர் இருந்தால் எந்த அலுவலகத்துக்கு ஆதாரத்தோடு வர வேண்டும், வராவிட்டால் குழந்தை தத்து கொடுக்கப்படும். சட்டம் கட்டாயமாக்கிய விளம்பரம் அது.

படிப்பவர் மனம் முதலில் குழந்தைக்காக இரங்கும். அடுத்து, அதை எடுத்து வளர்க்கப்போகும் யாரோ ஒரு தம்பதியை எண்ணி ஆறுதல் கொள்ளும். பெற்றவளைப் பற்றி நினைத்தால், பெரும்பாலும் ஒரு வசைச் சொல்லோடு அந்த நினைப்பு முடிந்துவிடும். தத்து குறித்து இங்கே நடந்த முப்பது ஆண்டுப் பேச்சில் மிகக் குறைவாக இடம்பெற்றவள் அவள்தான். ஆனால் தமிழ்நாட்டின் அனுபவத்தையும் நாட்டின் சட்டங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், எல்லாக் கேள்விகளும் அவளிடமிருந்தே தொடங்குகின்றன. வளர்க்க விரும்புகிறவளுக்கு வளர்க்க வழி இருந்ததா? வழியில்லாமல் கொடுக்க வந்தவளை நாம் எப்படி நடத்தினோம்? இவ்விரண்டுக்கும் பதில் சொன்ன பிறகே தத்தின் நிறைகுறைகளைப் பேச முடியும்.

சேலத்தில் வைத்த தொட்டில்

1986 ஜூன் மாதம் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. சிசுவைக் கொல்லப் பயன்பட்ட கள்ளிப்பாலும் நெல்மணியும் நாடெங்கும் பேசப்பட்டன. உள்ளூர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெண் பிறந்த வீட்டில் குழந்தை சில நாட்களிலேயே ‘உடம்பு சரியில்லாமல்’ இறந்துபோவதும், யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதும் அங்கே பழகிப்போயிருந்தன. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் இதே நிலைதான். சீர், வரதட்சிணை, நகை என்று பெண்ணுக்குச் செய்ய வேண்டியவை பெருகிக்கொண்டே போக, கூலி வேலையும் மானாவாரி நிலமும் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆண் பிள்ளை பெறாதவள் என்ற ஏச்சு தனி. கொலை செய்தவள் என்று பிடிபட்டது பெரும்பாலும் தாயோ பாட்டியோதான். முடிவெடுத்த குடும்பத்து ஆண்கள் வழக்கில் வந்தது குறைவு.

1992இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். கொல்ல வேண்டாம், அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் காப்பகங்களிலும் தொட்டில் வைக்கப்பட்டது. போடுகிறவர் யார், ஏன் என்று கேட்கக் கூடாது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. திட்டத்தின் வழியாக வந்த குழந்தைகள் 5,000க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உயிரோடு வளர்ந்து, படித்து, மணமாகி இன்று எங்கெங்கோ வாழ்கிறார்கள். அதை எந்த விமர்சனமும் சிறிதாக்க முடியாது.

விமர்சனம் எழாமல் இல்லை. பெண் குழந்தையை வேண்டாம் என்பது தவறு என்று சொல்ல வேண்டிய அரசே, வேண்டாத பெண்ணை வாங்கிக்கொள்ள இடம் அமைத்துக் கொடுக்கிறது என்று குழந்தை உரிமை அமைப்புகள் கண்டித்தன. தொட்டிலில் போட்டுவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு என்ன ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பதும் குற்றச்சாட்டு. தாய்ப்பால் கட்டிய மார்போடு, பிள்ளை எங்கே என்று கேட்கும் தெருவுக்கு அவள் திரும்புகிறாள். வறுமை, வரதட்சிணை, ஆண் பிள்ளைக்கான நெருக்குதல் எல்லாம் அவள் போனபோது இருந்தபடியே இருக்கின்றன. அடுத்த பேறும் பெண்ணானால் அதே முடிவு. ஆனாலும் தொட்டில் இல்லாதிருந்தால் அந்த 5,000 பேரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. தொட்டில் உயிரைக் காத்தது. உயிரை ஆபத்தில் தள்ளிய காரணங்களைத் தொடும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை.

தருமபுரியின் கலைப்பயணம்

காரணங்களைத் தொட்ட முயற்சி ஒன்று தருமபுரியில் நடந்தது. 1990களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை ஆராய்ந்த ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர், மாநிலத்தில் ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்ட பெண் சிசுக்கள் கொல்லப்படுவதாகக் கணித்தனர். நோயால் இறந்ததாக எழுதப்படாமல், ‘சமூகக் காரணம்’ என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் குறித்து வைத்த மரணங்கள் அவை. அந்தக் கணக்கின் அடிப்படையில் 1998 வாக்கில் தருமபுரி மாவட்டக் கிராமங்களில் கலைப்பயணம் புறப்பட்டது. ஊர்ப் பொதுவிடத்தில் பாட்டும் தெருநாடகமும் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் ஊராரோடு பேச்சு தொடரும். ஆட்சியரும் சுகாதாரத் துறையும் கூடவே நின்றார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பதிவான சிசு மரணங்கள் குறைந்தன என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் எழுதினர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மாற்றத்தைக் காட்டியது. 2001இல் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு தருமபுரியில் 826, சேலத்தில் 851 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011இல் இரு மாவட்டங்களும் 900ஐத் தாண்டின. ஆனால் அதே கணக்கெடுப்பில் கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே போயின. ஸ்கேன் மையங்கள் பெருகிய காலம் அது. பிறந்த பின் நடந்தது, பிறக்கும் முன்பே நடக்கத் தொடங்கியிருந்தது. கருவின் பாலினம் சொல்வதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை அதிகாரிகள் கையிலெடுக்கவே நாளாயிற்று.

சட்டம் நடந்த தூரம்

1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் தாயின் இடம் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மணமான பெண் தன் பெயரில் தத்து எடுக்க முடியாது. கணவன் எடுப்பான், அவள் சம்மதம் சொல்வாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தத்து கொடுக்கும் உரிமையும் தந்தைக்கே. 2010இல் வந்த திருத்தம்தான் இரண்டிலும் அவளுக்குச் சம இடம் கொடுத்தது. முஸ்லிம், கிறிஸ்தவ, பார்சி குடும்பங்களுக்கோ 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மட்டுமே இருந்தது. எடுத்து வளர்க்கும் குழந்தைக்கு அவர்கள் காப்பாளர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் எல்லா மதத்தினருக்கும் வழி திறந்தன. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தத்து ஆணை வழங்கும் அதிகாரம் 2021 திருத்தத்தின்படி நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியிருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி, மத்திய தத்து ஆதார ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்துதான் யாரும் குழந்தைக்கு விண்ணப்பிக்க முடியும். தனியாக வாழும் பெண், ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படாது.

இரண்டு மாதம்

இந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பெற்றவளுக்கானது. பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் இருப்பவர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைக்கலாம். குழு ஆற்றுப்படுத்துநரைக் கொண்டு பேசும். எல்லா வழிகளையும் சொல்லிய பிறகும் முடிவு மாறாவிட்டால், ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. மணமாகாத தாயானால் அவள் கையெழுத்து போதும். அவள் பெயரும் ஊரும் வெளியே போகக் கூடாது. அதன் பிறகும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். தீர விசாரித்துக் குழு கொடுக்கலாம்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தை பற்றிய விசாரணையில் பெற்றோர்மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. தம் சக்திக்கு மீறிய காரணத்தால் பெற்றோர் குழந்தையைக் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கருதக் கூடாது என்று 75ஆம் பிரிவு சொல்கிறது. கருணையைச் சட்ட மொழியில் இவ்வளவு தெளிவாக எழுதிய இடங்கள் குறைவு.

ஆனால் பிரசவ வார்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு இது தெரியுமா? குப்பைத் தொட்டியில் குழந்தை, கழிப்பறையில் குழந்தை என்று செய்தி வரும்போதெல்லாம் ‘கல்நெஞ்சுத் தாய்’ என்று தலைப்பு போடப்படுகிறது. சிசிடிவி காட்சியை வைத்துப் போலீஸ் தேடுகிறது. அந்தச் செய்தியைப் படிக்கும் இன்னொரு பெண் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பிடிபடாமல் போட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்றால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்ற போக்சோ விதியும், மருத்துவமனைப் பக்கமே போகாமல் பலரைத் தடுக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த அச்சத்தை மனத்தில் கொண்டுதான்.

ஒப்படைப்பு தாயின் சம்மதத்தோடு நடக்கிறதா என்பதை உறுதி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021இல் திருவனந்தபுரம் காட்டியது. 2020 அக்டோபரில் மணமாகாத இளம்பெண் ஒருவர் ஆண் குழந்தை பெற்றார். சில நாட்களில் அவருடைய பெற்றோரே குழந்தையைப் பிரித்து எடுத்துச் சென்றனர். குழந்தை மாநிலக் குழந்தைகள் நல மன்றத்தின் தொட்டிலுக்குப் போய், பிறகு தத்துக்கு முந்தைய வளர்ப்புக்காக ஆந்திரத் தம்பதியிடம் போயிற்று. தாய் காவல் நிலையம், நலக் குழு, அரசியல் கட்சி எனப் படியேறினார். கடைசியில் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார்ந்தார். மரபணுச் சோதனைக்குப் பிறகு, 2021 நவம்பர் 24 அன்று குடும்ப நீதிமன்றத்தில் குழந்தை அவர் கைக்கு வந்தது. அப்போது அதற்கு ஒரு வயது கடந்திருந்தது. ஆந்திரத் தம்பதி எந்தத் தவறும் செய்யாதவர்கள். சில மாதம் மார்போடு அணைத்து வளர்த்த பிள்ளையை அவர்கள் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. தாயின் குரலைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இரண்டு குடும்பங்களும் இந்தத் துயரத்தைச் சந்தித்திருக்கத் தேவையில்லை.

சந்தை எங்கே முளைக்கிறது

2024–25ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,515 தத்துகள் நடந்தன. அவற்றில் 4,155 உள்நாட்டில். அதுவரையிலான பல ஆண்டுகளில் இதுவே உயர்ந்த எண்ணிக்கை. அதே வேளையில், பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் 30,000க்கும் மேல். பச்சிளங்குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மேலும் காத்திருப்பு நீள்கிறது. ஒரு பக்கம் இந்த ஏக்கம். மறுபக்கம், இன்னொரு பிள்ளையை வளர்க்க முடியாமல் பிரசவ வார்டில் கலங்கி நிற்கும் குடும்பம். இரண்டுக்கும் நடுவில் தரகர் நுழைகிறார்.

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தைச் சேர்ந்த முன்னாள் செவிலியர் ஒருவரின் தொலைபேசி உரையாடல் வெளியானது. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்கும் அழகுக்கும் ஏற்பக் கூடுதல், பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தர தனித் தொகை என்று பதற்றமே இல்லாமல் அந்தக் குரல் அடுக்கியது. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்வதாகவும் சொன்னது. கைதுகள் தொடர்ந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கொல்லிமலை உள்ளிட்ட ஏழை ஊர்களின் பிறப்புப் பதிவேடுகள் அலசப்பட்டன. விற்றவர்கள் என்று சொல்லப்பட்ட தாய்மாரில் பலருக்குக் கிடைத்தது, வாங்கியவர் கொடுத்ததில் சிறு பங்கே.

அதற்கும் முன்பு, 2005இல், சென்னையில் இயங்கிய ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக வெளிநாடுகளுக்குப் போன குழந்தைகளில் சிலர் ஏழைகள் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்டவர்கள் என்பது அம்பலமானது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் போலிக் கையெழுத்தில் ‘ஒப்படைப்புப் பத்திரம்’ தயாராகியிருந்தது. வெளிநாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் 1984லேயே வரையறை வகுத்திருந்தும் நடந்தது இது. 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலையில், ‘பெற்றோரை இழந்த இரண்டு குழந்தைகள், தத்து எடுக்க அழையுங்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்திகள் இரக்கத்தோடு பகிரப்பட்டன. அப்படிக் குழந்தையை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று அரசு திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு. மருத்துவமனை ஊழியரானால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

வளர்க்கிறவளின் பாடு

தத்து எடுத்த தாயும் எளிதாகத் தாயாகிவிடுவதில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் விடுப்பு என்றது. ஆனால் ஒப்படைப்புக்கான இரண்டு மாத அவகாசமும் அதன் பின்னான நடைமுறையும் முடிந்து குழந்தை வீடு வரும்போது மூன்று மாதம் பெரும்பாலும் கடந்திருக்கும். அந்த வயது வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். ஏழெட்டு வயதுக் குழந்தை தன்னோடு பழைய வீட்டின் நினைவையும் கொண்டுவருகிறது. முதல் மாதங்களில் சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும், இரவில் அழும், புதிய அம்மாவை அம்மா என்று கூப்பிட மறுக்கும். இதற்கு ஆயத்தமில்லாத பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். ஐந்து ஆண்டு காலத்தில் நாடெங்கும் 1,100க்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக 2020இல் வெளியான தகவல் சொல்கிறது. குழந்தையைக் கொடுத்த பின்னும் குடும்பத்தோடு நின்று வழிகாட்டும் ஆற்றுப்படுத்துநர்கள் போதாமல் இருப்பது இதற்கு முக்கியக் காரணம்.

பிறப்பை மறைப்பது நம்மிடம் பழைய பழக்கம். ‘மணிமேகலை’ காவியத்தின் ஆபுத்திரன் தோட்டத்தில் பெற்றவளால் கைவிடப்பட்டு, பசு பால் கொடுத்துப் பிழைத்து, இளம்பூதி என்பவரால் எடுத்து வளர்க்கப்பட்டவன். வேள்விப் பசுவை அவன் காப்பாற்றியபோது, ஊரார் அவன் பிறப்பைச் சொல்லியே ஏசினார்கள். வளர்த்தவரும் கைவிட்டார். அதை இயற்றிய சாத்தனார் அவனைக் காவியத்தின் உயர்ந்த மனிதர்களில் ஒருவனாக நிறுத்தினார். இன்றும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு உண்மை தெரிவது, சொத்துத் தகராறிலோ கல்யாணப் பேச்சிலோ உறவினர் ஒருவர் வாய்விடும்போதுதான். சிறு வயதிலேயே, கதைபோலப் பெற்றோரே சொல்லிவிட வேண்டும் என்பது ஆற்றுப்படுத்துநர்கள் எல்லோரும் வலியுறுத்துவது. பதினெட்டு வயதுக்குப் பின் தன் வேரைத் தேடவும் தத்து விதிகள் அனுமதிக்கின்றன. தன் அடையாளத்தை மறைக்கும்படி பெற்றவள் ஒப்படைக்கும்போதே கேட்டிருந்தால், அவள் சம்மதித்தால்தான் அவளைப் பற்றிய விவரம் தரப்படும்.

வீட்டிலேயே வளர

2016–17இல் மத்திய அரசு எடுத்த கணக்கில் நாட்டில் 9,589 குழந்தைகள் இல்லங்களும் அவற்றில் 3.7 லட்சம் குழந்தைகளும் இருந்தனர். அதிக இல்லங்கள் இருந்த மாநிலம் தமிழ்நாடு. அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடு உள்ளவர். கணவனை இழந்தவள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பிள்ளையைப் பார்த்தால் வேலை இல்லை. மூன்று வேளைச் சோறும் பள்ளிப் படிப்பும் கிடைக்கும் என்று விடுதியில் சேர்த்தவர்கள் இவர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது புதிய அம்மா அல்ல. இருக்கிற அம்மாவுக்குக் கைகொடுப்பது.

அதற்கான திட்டங்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் வரை தருகிறது. 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரின் பெயரில் அந்தத் திட்டம் இருப்பது பொருத்தம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, குடும்பத்திலேயே வளரும் நலிந்த பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைக்குத் தமிழக அரசு ஐந்து லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்தவருக்கு மூன்று லட்சமும் கொடுத்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் பெற்றோரை இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

பிரச்சினை, இந்த உதவிகள் வந்து சேரும் நேரத்தில் இருக்கிறது. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைந்து முதல் தவணை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஒப்படைப்புக்கான அவகாசமோ இரண்டே மாதம். அந்த இரண்டு மாதத்தை வெறும் காத்திருப்புக் காலமாகவே இன்று கழிக்கிறோம். தாய் தங்க ஓர் இடமும், கைச்செலவுக்கு உடனே ஒரு தொகையும், வீட்டாரோடு பேச ஒரு சமூகப் பணியாளரும் அந்த அறுபது நாளிலேயே கிடைத்தால் சிலர் பிள்ளையோடு வீடு திரும்புவார்கள். திரும்ப முடியாதவர்களும் வற்புறுத்தலில்லாத, தெளிந்த மனத்தோடு கையெழுத்திடுவார்கள். அந்தக் குழந்தையை எடுத்துச் செல்லும் குடும்பத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டிலும், தனியார் மருத்துவமனைகளிலும், ஒப்படைப்பு குற்றமல்ல, பெயர் வெளியே போகாது, மனம் மாற இரண்டு மாதம் உண்டு, உதவிக்கு 1098ஐ அழைக்கலாம் என்ற நான்கு வரிகளைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் காலியிடங்களை நிரப்பலாம். நிதி ஆதரவின் முதல் தவணையை, சான்றிதழ்கள் வரும்வரை நிறுத்தி வைக்காமல், நலக் குழுவின் ஆணையின் பேரிலேயே விடுவிக்கலாம். தொட்டிலை வைக்க 1992இல் ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது. இவற்றுக்கும் அதுவே போதும்.